கிட்னி தர முன்வந்த இருவர்

காலையில் கொடுத்த ரத்தத்தின் முடிவு மாலை நாலேகாலுக்குச் செல்பேசியில் வந்தது. என் மகன் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஒன்று மேலே பார்த்து நின்றது. மாத்திரை அவன் கிட்னியைக் கெடுத்துவிட்டதென்றே நினைத்தேன். மேனாம்பேட்டிலிருந்து நான், கணவர், மகன் மூவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா இன்னும் வந்திருக்கவில்லை.

"என் கிட்னியக் குடுத்துடறேன்," என்றேன்.

"உனக்கு சுகர் கீது. என்னோடத எடுக்கட்டும்," என்றார் கணவர்.

"உங்களுக்குக் கல்லு கீதே! புள்ளைக்குக் கல்லோடவா குடுப்பீங்க?"

"எல்லாரும் பாக்கறாங்க, மானத்த வாங்காதம்மா," என்றான் மகன் முகக்கவசத்துக்குள்ளிருந்து.

ஒருவழியாக டாக்டரம்மா வந்து, முடிவைப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி என்னப்பா சாப்ட்ட?" என்று கேட்டார்.

"அரைக் கிலோ மட்டன், டாக்டர். வெயிட்டு ஏறணும்னு அம்மா எழுந்திருக்கவே வுடல."

"அவ்ளோ கறி சாப்ட்டா இது கொஞ்சம் ஏறும். பயப்பட வேணாம். ரெண்டு நாள் கறி இல்லாம மறுபடி டெஸ்ட் எடுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நீங்க பேசினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அவங்கவங்க கிட்னியோட வீட்டுக்குப் போங்க."