தொட்டிக்கு அடியில் படுத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை பொங்கோலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை புதிதாக மீன் தொட்டி வாங்கியிருக்கிறார். அதை வைக்க ஒரு ஸ்டாண்டு அட்டைப் பெட்டியில் வந்திருந்தது. பெட்டியைப் பிரித்ததும் பசை வாசனை குப்பென்று அடித்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை, மேலே தேக்கு மாதிரி ஒரு காகிதம். மாப்பிள்ளை பொறியாளர். படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கீறினேன். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"மாமா, வாரண்டி இருக்கு லா," என்றார்.

"அப்ப சரி. தண்ணி ஊத்தும்போது அதுக்கு அடியில நீங்க படுத்துக்குவீங்களா?"

மகள் முறைத்தாள். "அப்பா, சும்மா இருங்கப்பா."

சும்மா இருந்தேன். ஆனால் நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் படுத்திருக்கிறேன்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு அறுந்தது, இரண்டு பேருக்கும் நிம்மதி. இன்று உட்லண்ட்ஸில் என் பெயர்ப்பலகை தொங்குகிற பட்டறையில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் எனக்குக் கணினியில் படம் போட்டுத் தருகிறார்கள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். மகளுக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பசை வாசனை வந்தால் பின்னாலேயே எனக்கு அந்தப் பழைய பட்டறையும் வந்துவிடும். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீடு. கீழே தச்சு வேலை, மாடியில் எங்கள் படுக்கை. ஊரிலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வந்த ஆட்கள் நாங்கள். முதலாளி இங்கேயே பிறந்தவர். சிரிப்பென்றால் அவருக்கு உயிர். அவர் சிரிப்பதற்கு தினம் ஒருவன் வேண்டும். காது கொஞ்சம் மந்தமான ஒரு மலாய்க்காரக் கிழவர் மரம் இறக்க வருவார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்வதுதான் முதலாளிக்குக் காலைப் பசியாறல்.

பட்டறையில் மூத்தவர் முருகையண்ணன், மாயவரம் பக்கம். கட்டில் செய்வதில் அவரை அடிக்க ஆளில்லை. என்னைத் தவிர என்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்போது நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதலாளி குவீன்ஸ்டவுனில் அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீடு வாங்கியதும் சீனக் கூட்டாளி ஒருவர் அவருக்கு ஓர் அரோவானா மீன் கொடுத்தார். வியாபாரம் செழிக்குமாம். ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. ஸ்டாண்டு கட்டும் வேலை முருகையண்ணனுக்குப் போனது.

அவர் கட்டில் கட்டுகிற மாதிரியே கட்டினார். நாலு மூலையில் நாலு கால், கால்களின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்துத் திருகாணி. பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் கட்டிலில் படுக்கிற மனுஷன் காலையில் எழுந்து போய்விடுவான், தண்ணீர் எழுந்திருக்காது. ராவும் பகலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் நடுச்சட்டம் தொய்ந்து, திருகாணி பிடுங்கி, கூட்டாளி சாப்பிட வந்திருந்த மத்தியானமாகப் பார்த்துக் கண்ணாடி வெடித்தது. அந்த மீன் சோபாவுக்கு அடியில் துடித்துச் செத்ததாம்.

மறுநாள் தேநீர் நேரத்தில் முதலாளி ஒரு டிபன் கேரியரோடு பட்டறைக்கு வந்தார். திறந்தார். மீன் குழம்பு.

"சாப்பிடு முருகையா. நீ கொன்னது, நீயே சாப்பிடு."

அது புரட்டாசி மாதம். அண்ணன் கழுத்தில் துளசி மணி. அந்த மாதம் முழுக்க முட்டை வாசனை பட்டாலே எழுந்து போய்விடுகிற ஆள்.

"முதலாளி, விரதங்க..."

"மீனக் கொல்லும்போது விரதம் இல்லயா? சாப்பிடுடா!"

அண்ணன் மணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். முதலாளி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அங்கே சிரிக்காதவனுக்குத்தான் அடுத்த தட்டு.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சிரித்து ஓய்ந்த முதலாளி என் பக்கம் விரலை நீட்டினார். "புது மீன் வருது. இந்தத் தடவை இவன் கட்டட்டும். நின்னா முருகையன் ஊருக்குப் போறான். விழுந்தா இவன் போறான். ஒரு வேல பெர்மிட்ட வெட்டணும்னு இருந்தேன், யாருன்னு மீனே சொல்லட்டும்."

எனக்கு ஊர் என்று ஒன்று பேருக்குத்தான். என் கூடப்பிறந்த அண்ணன் என்னைக் கப்பலேற்றிய அன்றைக்கே நான் படுத்திருந்த மூலையில் ஆட்டைக் கட்டிவிட்டான். திரும்பிப் போனால் அந்த ஆட்டோடுதான் சண்டை போட வேண்டும்.

கட்டினேன். பாலாவ் மரம். கல் மாதிரி இருக்கும், உளி பட்டால் தீப்பொறி வராத குறை. ஒவ்வொரு காலின் தலையிலும் பள்ளம் வெட்டி, சட்டத்தை அதற்குள் இறக்கி உட்கார வைத்தேன். மரம் மரத்தின் மேல் நிற்க வேண்டும், ஆணி சும்மா துணைக்கு. நடுவிலும் கால் கொடுத்தேன். அந்த வீட்டுத் தரை குளியலறைப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அடியில் அட்டை மடித்து வைக்காமல், ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கால்களையே இழைத்துச் சரிசெய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் தலைக்குள்ளேயே இருந்தது.

தண்ணீர் ஊற்றுகிற அன்று முதலாளி ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். பீர், கோழி வறுவல். நான் தொட்டியை ஏற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"எங்க போற? நீ கட்டினதுதானே? அடியில படு. நெறையறதுக்குள்ள வெளிய வந்தா நீதான் ஊருக்கு."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை, அதனால்தான் படுத்தேன். முகத்துக்கு மேலே தொட்டியின் அடிப்பலகை. ரப்பர்க் குழாயைப் பிடித்து ஊற்றும் வேலையை முருகையண்ணனுக்கே கொடுத்திருந்தார். அதுவும் முதலாளி யோசனைதான்.

தண்ணீர் விழ ஆரம்பித்தது. கீழேயிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். யாரோ ஒருவர், "விழுந்தா இவனையும் கொழம்பு வெச்சிருவாரு," என்றார். இன்னொருவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். தொட்டி முக்கால் நிறைந்திருக்கும், தலைக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம்.

சிரிப்பு நின்றது. கால்களெல்லாம் பின்னால் ஓடின. முதலில் ஓடியது முதலாளியின் கால். ஒரு செருப்பு எனக்கு நேராகக் கிடந்தது. நான் முழங்கையை ஊன்றிவிட்டேன், வெளியே தவழ ஒரு மூச்சு போதும். தவழ்ந்திருந்தால் தொட்டி நின்றாலும் நான் தோற்றவன்.

ஒரு ஜோடிக் கால் மட்டும் நகரவில்லை. முருகையண்ணன் குழாயை விடாமல் குனிந்தார்.

"தம்பி. சத்தம் நடுவுலயா, மூலையிலயா?"

"மூலையிலண்ணே."

"அப்ப ஒண்ணும் இல்ல. கட்டை உக்காருது. நான் கட்டுனது நடுவுல கத்துச்சு. அசையாமப் படு."

படுத்தேன். அவர் கடைசிவரை ஊற்றினார். தொட்டி நின்றது. முதலாளி திரும்பி வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கேட்டார், "முருகையா, நின்னுருச்சுல்ல? பெட்டியக் கட்டு."

"சரிங்க முதலாளி." குழாயிலிருந்த மீதித் தண்ணீரை வாளியில் வடித்துவிட்டு, அதை வட்டமாகச் சுருட்டி வைத்தார். அந்த வாரமே விமானம் ஏறினார். காற்றாடிக்கு நேரே இருந்த அவருடைய படுக்கை எனக்கு வந்தது. நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தனிக் கடை போட்டு மேலே வந்த பிறகு முதலாளியின் பட்டறை நொடித்துப்போனது. பிள்ளைகள் அவரை முதியோர் இல்லத்தில் விட்டார்கள். ஆரஞ்சுப் பழங்களோடு ஒருநாள் போனேன், என் காரை ஜன்னல் வழியாக அவர் பார்க்கட்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு.

"யாரு?" என்றார்.

"மீன் தொட்டிக்கு அடியில படுத்தேனே, முதலாளி."

பல் இல்லாத வாயால் சிரித்தார். "எவ்வளவோ பேரப் படுக்க வெச்சிருக்கேன்டா. நீ எதுல?"

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். பழங்களை யார் தின்றார்களோ. கடைவீட்டில் இப்போது விடுதி நடத்துகிறார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுப் பையோடு ஏறி இறங்குகிறார்கள். குவீன்ஸ்டவுன் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிப் புல் போட்டிருக்கிறார்கள். மாயவரம் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன், கட்டில் செய்கிற முருகையனை அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், நான் தவழ்ந்திருப்பேன், அவர் இங்கே இருந்திருப்பார். ஏன் குனிந்தார் என்று கேட்க இன்று ஆளும் இல்லை, வீடும் இல்லை.