கொழு ஒலிக்காத ஞாயிறு

உபதேசியாராக இருந்த என் கணவர் மலைக் காய்ச்சலில் இறந்தபின்பும் நான் மலைமேலிருக்கும் எடப்புளி நாட்டை விட்டு இறங்கவில்லை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்களும் காய்ச்சலுக்குப் பயந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்குப் போய்விட்டன. ஆனாலும் ஞாயிறுதோறும், ஜெபவீட்டுப் பலாமரத்தில் மணிக்குப் பதிலாக அவர் கட்டிவைத்த பழைய ஏர்க்கொழுவைத் தட்டிவிட்டு, தனியாகவே பாடி ஜெபிப்பேன்.

போன மழைக்காலத்தில் எனக்கும் காய்ச்சல் கண்டது. ஞாயிறு விடிந்தும் எழ முடியவில்லை. "யார் வரப்போகிறார்கள் ஆண்டவரே, யாருக்காகத் தட்டுவது?" என்று அழுதபடியே கண்ணை மூடிவிட்டேன்.

விழித்தபோது எதிர்மேட்டுப் பாப்பாயி என் தலையை மடியில் வைத்து மிளகுக் கஷாயம் புகட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வேதக்காரர்கள் என்று அதுவரை எங்கள் வாசலை மிதிக்காதவள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது பாப்பாயி?"

"கொழுச் சத்தம் கேக்கலீங்களே அக்கா. அது கேட்டா நீங்க நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன். இன்னிக்கு மனசு கேக்கல, ஓடியாந்துட்டேன்."

அவள் வீட்டுக்காரர் அடிவாரம்வரை நடந்துபோய்க் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை வாங்கிவந்தார். பிழைத்தேன்.

பாப்பாயி இன்றும் ஜெபத்துக்கு வருவதில்லை. முன்பெல்லாம் கொழுவைத் தட்டியதும் உள்ளே போய்விடுவேன். இப்போது மரத்தடியிலேயே நிற்கிறேன். எதிர்மேட்டிலிருந்து "கேட்டுச்சுங்க அக்கா!" என்று அவள் குரல் வந்தபிறகுதான் பாடத் தொடங்குகிறேன்.