எண்பதில் நிறுத்தியவன்

மின்துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். துணை மின்நிலையத்தில் உட்கார்ந்து எந்தத் தெருவுக்கு எப்போது கரண்டை நிறுத்துவது என்று முடிவு செய்வதே பாதி வேலை. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. ஓய்வு பெற்ற வருஷமே ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நாகப்பட்டினம் போயிட்டு வரலாங்க. மொதமொதல்ல நான் வேல பாத்த ஸ்கூல ஒரு தரம் பாக்கணும்."

எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது, இருபதுக்குக் கீழே இறங்க விடக் கூடாது, வேகமாக ஏற்றினால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும் என்று எங்கெங்கோ படித்து வைத்திருந்தேன். போனில் அதற்கு ஒரு ஆப். எண்பதில் நிறுத்தச் சொன்னால் கார் தானே நிறுத்திக்கொள்ளும். மெதுவாக ஏறட்டும் என்று ஆம்பியரையும் குறைத்து வைத்தேன். ஊருக்குள் பெரிய மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் காலாப்பட்டுக்கும் போய்வர அது தாராளம். நாகப்பட்டினத்துக்குப் பத்தாது.

"பஸ்ல போயிடலாமே" என்றேன்.

"பஸ்ல போறதுக்கு வீட்ல எதுக்குங்க காரு?"

அவள் நச்சரிப்பு தாங்காமல் ஒரு மே மாதம் கிளம்பினோம். சிதம்பரம் தாண்டுவதற்கு முன்னால் ஒரு வேக சார்ஜரில் காரை மாட்டினேன். எங்கள் வீட்டு பிளக் கொடுப்பதைப்போல இருபது மடங்கு வேகமாக ஏறியது. காருக்கு அடியில் மின்விசிறி இரைய ஆரம்பித்தது. பேட்டரி போச்சு என்றே நினைத்தேன். பாதி ஏறும்போதே நிறுத்திவிட்டு, "வெயில்ல வேணாம், மார்கழியில போவோம்" என்று வண்டியைத் திருப்பினேன். மடியில் புளிசாத டப்பாவோடு உட்கார்ந்திருந்தவள் "சரிங்க" என்றாள். கடலூர் வரைக்கும் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. கோபம் கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் அறிவு.

மார்கழிக்குள் அவளுக்கு முதுகுவலி வந்தது. தைலம், பிசியோதெரபி என்று மூன்று மாதம் ஓட்டினோம். அதற்கப்புறம்தான் ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் முதுகெலும்பு வரை போயிருந்தது.

போன மாதம் காரை சர்வீசுக்கு விட்டேன். அங்கே இருந்த மெக்கானிக்கிடம் அந்த மின்விசிறி சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

"அது பேட்டரியக் குளிர வெக்கிற ஃபேன் சார், ஓடத்தான் செய்யும். சார்ஜர் அதுவா எதையும் திணிக்காது. எவ்ளோ வேணும்னு கார்தான் கேக்கும், அது கேக்குற அளவுக்குத்தான் சார்ஜர் குடுக்கும். சூடு ஏறிச்சின்னா காரே கொறைச்சிக்கும். நீங்க பயந்துருக்கவே வேணாம்" என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, "சூப்பர் சார், பேட்டரி புதுசு மாரியே இருக்கு. இப்டி யாரும் வெச்சிக்க மாட்டாங்க" என்று பாராட்டினார். ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

காருக்கு எது தேவை என்று அதற்கே தெரிந்திருக்கிறது. நடுவில் நான் யார்? முப்பத்தோரு வருஷம் ஊருக்குக் கரண்டை நிறுத்திய திமிர், கட்டினவள் வாய்விட்டுக் கேட்ட ஒன்றையும் நிறுத்திவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் "விதி சார்" என்பார்கள். விதி இல்லை, நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பில் இருந்த கட்டுப்பாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதன்முதலாக நூறு வரை ஏற்றினேன். மறுநாள் காலை அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நூறு ஏத்திட்டேன். நடுவுல எங்கியும் நிக்க வேணாம். நாகப்பட்டினம் போலாமா?" என்றேன்.

ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாலே அவளுக்கு உயிர் போகும் வலி. எனக்கும் அது தெரியும்.

"என்னைச் செவுத்துப் பக்கமா திருப்பிப் படுக்க வைங்க, போதும்" என்றாள்.