ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு பஞ்சாங்கம்

கிறிஸ்தவ வானொலி ஒன்றின் நிகழ்ச்சி அட்டவணையை ஏழு வருடமாகப் பஞ்சாங்கம் பார்த்துப் போட்டவன் நான். அதுவும் பிழையான பஞ்சாங்கம். என்னைப் பற்றி அறிய வேண்டியது இவ்வளவுதான். ஆனாலும் பேனையைக் கையில் எடுத்துவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வானொலி அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் பின்னால் இருக்கிறது. முன்பு கதிரைகள் அடுக்கி வைத்திருந்த அறை. சுவர் முழுக்க முட்டைத் தட்டுகள் ஒட்டியிருக்கிறோம். முதல் தடவை வருகிறவர்கள் கோழிப்பண்ணையோ என்று கேட்பார்கள். நான் நிகழ்ச்சி படிப்பதைக் கேட்ட பிறகும் சிலர் அப்படித்தான் கேட்டார்கள்.

இதைத் தொடங்கியவர் எங்கள் போதகர். ஒரு காலத்தில் தன் பேச்சுகளைக் கசற்றில் பதிந்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் இரவல் கொடுத்தாராம். திரும்பி வந்த கசற்றுகளில் பாதிக்கு மேல், பிரசங்கம் அழிந்து சினிமாப் பாட்டுப் பதிந்திருந்ததாம். ஒரு கசற்றில் மட்டும் பாட்டு முடிந்த இடத்தில் 'ஆமென்' என்ற அவருடைய குரல் மிஞ்சியிருந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆட்கள் மேலே பதிய முடியாத ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தாராம். பல வருடம் கழித்து இணையம் வந்ததும் வானொலியைத் தொடங்கினார். கைபேசியில் கேட்கலாம். கரவெட்டியிலும் கேட்கிறார்கள், ரொரன்ரோவிலும் கேட்கிறார்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும், பக்கத்தில் இருந்து கதைக்க ஆள்தான் கிடைப்பதில்லை என்பது அவர் கொள்கை. அதனால் எங்கள் வானொலியில் பாட்டுக் குறைவு, கதை கூட. காலையில் ஒரு வேத வசனமும் அதைப் பற்றி நாலு வார்த்தையும். பிறகு தோட்டக்காரருக்கு ஒரு அரை மணி நேரம். வெங்காயத்துக்கு வரும் நோயைப் பற்றி நான் படிப்பேன், எனக்கு வெங்காயத்தை உரிக்க மட்டும்தான் தெரியும் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. பின்னேரம் நேயர் கடிதங்கள்.

கடிதங்கள் என்றால் ரீச்சர். சைவப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற எங்கள் சபைப் பெண்மணி. சனிக்கிழமைகளில் வந்து, வந்த கடிதங்களை வாசித்து, எழுதியவர் முன்னால் இருப்பதுபோலப் பதில் சொல்வார். எங்களிடம் ஆகக்கூடுதலானோர் கேட்கும் நிகழ்ச்சி அதுதான். போதகரின் பிரசங்கத்தைவிடக் கூட என்பதைப் போதகருக்கு நாங்கள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

எல்லா நிகழ்ச்சியையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துதான் போடுவோம். காரணம், வாசலில் போகும் ஒடுக்கமான ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் ஐம்பது அடியில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. ஒலிபெருக்கி பூட்டினால் எங்கள் முட்டைத் தட்டுகள் நடுங்கும். என்றைக்கு அங்கே சத்தம் இருக்கும் என்று தெரிந்தால்தான் என்றைக்கு இங்கே பதியலாம் என்று அட்டவணை போடலாம். அந்த அட்டவணை என் பொறுப்பு. எதிரே போய்க் கேட்டிருக்கலாம். எனக்கோ, கிறிஸ்தவ வானொலிக்காரன் கோயில் வாசலில் நின்று "எப்ப நிப்பாட்டுவியள்?" என்று கேட்பது சண்டைக்குப் போவதுபோல இருக்கும் என்று ஒரு கூச்சம். ஆகவே மருதனார்மடத்துக் கடையொன்றில் யாரும் காணாமல் ஒரு பஞ்சாங்கம் வாங்கி, அலுமாரியில் ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வருடா வருடம் புதிது வாங்கினேன். ஒருநாள் போதகர் பாட்டுப் புத்தகம் எடுக்கப் போய் அதைக் கண்டுவிட்டார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுமாரியைச் சாத்தினார். அடுத்த கிழமை கூட்டத்தில், முகட்டைப் பார்த்துக்கொண்டு, அமாவாசை எப்போது வருகிறது என்று என்னிடம் கேட்டார்.

போன வருடம் ரீச்சருக்குக் கனடா விசா வந்தது. மகளோடு போய் இருக்கப் போகிறார். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பயணம். போவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நிகழ்ச்சி நேரலையாக வேண்டும், நேயர்கள் தொலைபேசியில் பேச வேண்டும். இவ்வளவு காலமும் கடிதம் எழுதியவர்களில் ஒருவருடைய குரலைக்கூட அவர் கேட்டதில்லை. முக்கியமாக ஒருத்தி. கரவெட்டியில் இருக்கும் ஒரு சைவக்காரப் பெண், முதல் நிகழ்ச்சியிலிருந்து ஒரு கிழமை தவறாமல் கொப்பித் தாளில் எழுதி வருகிறவள். எங்கள் வசனங்களைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. மாட்டைப் பற்றி, மருமகளைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றித்தான் எழுதுவாள்.

நான் அலுமாரியைத் திறந்தேன். எதிர்க் கோயிலில் ஆடிப்பூரத்தன்று ஒரு நாள் விழா, பாற்குடம் எடுப்பார்கள். பஞ்சாங்கத்தில் பூரம் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நேரலை என்று அறிவித்தேன். நிகழ்ச்சிக் குறிப்பையும் அன்றைக்கே எழுதி ரீச்சரிடம் கொடுத்தேன். தாளுக்கு எங்களிடம் எப்போதும் பஞ்சம். கேற்றில் செருகிவிட்டுப் போகும் நோட்டீசுகளின் வெறும் பக்கத்தில்தான் இதையெல்லாம் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் கரவெட்டியில் நின்றேன். அந்தப் பெண்ணிடம் கைபேசி இல்லை, பக்கத்து வீட்டுக் கைபேசியில்தான் எங்களைக் கேட்டு வந்தாள். பேசவும் அதையே கொடுக்க அந்த வீட்டுக்காரர் சம்மதித்தார். எந்த நேரம் எடுப்பது, எடுக்க முதல் அதில் வானொலியை நிறுத்துவது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பொழுதுபடச் சைக்கிளில் திரும்பினேன். ஒழுங்கை அமைதியாக இருந்தது. கோயில் வாசலில் கட்டிய வாழைகள் வாடாமல் பச்சையாக நின்றன. மரத்தில் குழாய் ஒலிபெருக்கிகள் தொங்கின. விழா முடிந்தும் கழற்றாமல் விட்டிருக்கிறார்களே, சோம்பேறிகள் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ஒழுங்கையில் இருந்த ஒரே சோம்பேறி சைக்கிள் உழக்கிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், ரீச்சர் புதுச் சேலையோடு ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தார். எதிர்ப்பக்கம் 'ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ற்றிங்' என்று ஒரு குரல். பிறகு நாதஸ்வரம். முட்டைத் தட்டு ஒன்று கழன்று விழுந்தது.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நேற்றே முடிந்துவிட்டதே, பஞ்சாங்கத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று உளறினேன். எங்கே, அதைக் கொண்டுவாரும் என்றார். பாட்டுப் புத்தகங்களைச் சரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். உறையை மட்டும் பார்த்தார்.

"உது திருக்கணிதம். அந்தக் கோயில் வாக்கியமெல்லோ."

இப்படி இரண்டு பஞ்சாங்கம் இருப்பதும், சில வருடம் இரண்டிலும் நாள் ஒன்று மாறி வருவதும் சைவப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பிலேயே தெரியும். எந்தக் கோயில் எதைப் பார்க்கிறது என்பதும் தெரியும். ரீச்சர் முப்பது வருடம் அந்தப் பிள்ளைகளின் லீவுக் கடிதங்களை வாசித்தவர். எனக்குத்தான் பஞ்சாங்கம் என்றால் ஒன்று. ஆறு வருடமும் பூரம் இரண்டிலும் ஒரே நாளில் விழுந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

காதொலிப்பான் கழுத்தில் தொங்க, ஒழுங்கையைக் குறுக்கறுத்து ஓடினேன். ஒலிபெருக்கிக்காரர் மரத்தடியில் இருந்தார், என் வயதுக்காரர். மதங்களுக்கிடையிலான புரிந்துணர்வு பற்றி ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு சிறு உரை தயாரித்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணை, எத்தினை மணிக்கு உங்கடை நிகழ்ச்சி?"

"நாலு. ஒரு மணித்தியாலம். ரீச்சர் செவ்வாய்க்கிழமை கனடா போறா."

அவர் பூசகரைப் பார்த்து விசயத்தைச் சொன்னார். பூசகர் வாழையிலை கழுவிக்கொண்டு நின்றவர், திரும்பாமலே தலையை ஆட்டினார். ஒலிபெருக்கிக்காரர் ஒரு குமிழைத் திருகினார். ஒழுங்கை சட்டென்று வெறுமையானது.

"பாற்குடம் அஞ்சரைக்குத்தான். இப்ப போறது சும்மா பாட்டு. முதலே சொல்லியிருந்தால் தொடங்கியிருக்கவே மாட்டன்."

"எனக்கு நாள் தெரியாமல் போச்சு அண்ணை."

"ஏன், ஒவ்வொரு வருசமும் உங்கடை கேற்றிலை நோட்டீஸ் செருகிறனாங்களே."

திரும்பி வந்து பார்த்தால், ரீச்சர் கையில் நிகழ்ச்சிக் குறிப்பை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாசிக்கிறார். அம்மன் படம், சனிக்கிழமை என்று கொட்டை எழுத்தில் நாள், கீழே பாற்குட நேரம். என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏழு வருடக் குறிப்புகளும் அலுமாரியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எத்தனை பூரத்தின் முதுகில் வெங்காய நோயைப் பற்றி எழுதினேனோ, பிறகு எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

நாலு மணி ஏழு நிமிடத்துக்குத் தொடங்கினோம். முதல் அழைப்பே கரவெட்டி.

"ரீச்சர், நான்தான்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை, பெயர்கூட. ரீச்சர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. முப்பது வருடம் வகுப்பை அடக்கிய குரல் அது. வானொலியில் வெறுமை ஆகாது என்று நான் பாட்டைத் தட்டக் கை நீட்டினேன். ரீச்சர் என் கையில் ஒரு அடி போட்டார். நேரலையில் கேட்ட 'பட்' என்ற சத்தம் என்னவென்று ரொரன்ரோவிலிருந்து இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள்.

பிறகு கதை தொடங்கியது. மாடு, மருமகள், முழங்கால். கடிதத்தில் இருந்ததெல்லாம் குரலில் வந்தது. குரலைக் கேட்டால் வயது போனவ மாதிரித் தெரியவில்லையே என்று அவள் சொல்ல, அது உவற்றை மெஷின் செய்யிற வேலை என்று ரீச்சர் என்னைக் காட்டினார், வானொலியில் காட்டி என்ன பயன் என்று யோசிக்காமல். வேறு நேயர்களும் எடுத்தார்கள். ஐந்து மணி தாண்டியும் பேச்சு முடியவில்லை. ஐந்தரைக்கு ஒலிபெருக்கி மறுபடி எழும்பியபோது ரீச்சர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கடைசி 'வணக்கம்' நாதஸ்வரத்தோடுதான் ரொரன்ரோவுக்குப் போனது. நன்றாகவே இருந்தது.

சற்றுப் பிறகு ஒலிபெருக்கிக்காரர் ஒரு சட்டி பொங்கல் கொண்டுவந்து தந்துவிட்டு, மாட்டைப் பற்றிய பகுதியைத் தானும் கைபேசியில் கேட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் இருந்து சாப்பிட்டோம். ரீச்சர் கைகழுவிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க இதுதான் சமயம் என்று, கனடாவிலிருந்தும் மாதம் ஒருமுறை அவர் நேரலை செய்யலாம், இங்கே பின்னேரம் என்றால் அங்கே விடியப்புறம், கரவெட்டிக்கும் நானே போய்ச் சொல்லுவேன், நாளை மட்டும் சொன்னால் போதும், எந்த நாள் வசதி ரீச்சர் என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

"கோயிலிலை கேட்டிட்டுச் சொல்லும்."