ஹசிந்தோவின் தட்டு

இளம்பிள்ளை வாதம் இழுத்த காலோடு நடக்கப் பழகினாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே, டாக்கோ விலைப்பலகையின் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தே வாசிக்கக் கற்றாள். கைநீட்டிய புருஷனை வீட்டைவிட்டு அனுப்பினாள். மூன்று பேர் திறந்து மூடிய கடையில் நிலைத்தாள். தங்கை கசில்டா ஜெயித்தவை எவை என்று கேட்டால், எலாதியோ இந்த வரிசையில்தான் சொல்வார்; ஒன்றையும் விடமாட்டார்.

சோளரொட்டியில் கறியை மடித்துத் தரும் அந்த டாக்கோ கடை, மெக்சிகோவின் பூயெப்லா நகரில் இருந்தது. சுவரெல்லாம் மல்யுத்த வீரர்களின் முகமூடிகள், மிளகாய் வடிவ விளக்குச் சரம், கண் சிமிட்டும் பிளாஸ்டிக் கிளி. மூலை மேசையில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. பழைய முதலாளி ஹசிந்தோ அங்கேதான், டாக்கோவைப் பாதி கடித்தபடி செத்துப்போனார். கட்டடம் இப்போது அவர் மனைவி ப்ருடென்சியாவுடையது. "ஆறு மாசம் ஓட்டிக் காட்டு. அப்புறம்தான் பத்திரம்" என்று கசில்டாவிடம் சொல்லியிருந்தாள்.

ஐந்து மாதம் ஓடியது. ஆறாவதில், "உப்புக்கு என்ன பஞ்சமா?" என்று பஸ் டிரைவர் கோன்ராதோ தட்டைத் தள்ளினான். மற்றவர்களும் தள்ளினார்கள். கல்லில் இருக்கும்போது மணத்த பன்றிக்கறி, மேசைக்குப் போனதும் நனைந்த காகிதமாகிவிடுகிறது. எலாதியோ ஒரு வாய் மென்றார். அந்த ருசியின்மை அவருக்குத் தெரியும். நவம்பரில் வரும் இறந்தோர் நாளில் படைத்த சாப்பாடு, செத்தவர்கள் வந்து உண்டுவிட்டுப் போனபின் இப்படித்தான் இருக்கும். ஆனால் இது ஜூன் மாதம்.

"அண்ணே, மூலை மேசைக்கு நாம என்ன வச்சோம்?"

"ஆளில்லாத மேசைக்கு எதுக்குடி வைக்கணும்?"

"அதான். ஹசிந்தோ தனக்குன்னு தட்டு இல்லாம எல்லார் தட்டுலயும் கை வைக்கிறாரு."

"செத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருவாங்க?"

"வர்றதுன்னா முதல்ல போகணும்ணே. இவரு போகவே இல்லையே."

மறுநாள் மதியம் முதல் தட்டு மூலைக்குப் போனது. இரண்டு டாக்கோ, பச்சை மிளகாய்ச் சட்னி, எலுமிச்சை, ஒரு பீர். "ஹசிந்தோ ஐயா, இது உங்களுது. மத்தவங்க தட்டை விட்டுடுங்க." கசில்டா நாற்காலியையும் இழுத்துப் போட்டாள்.

கோன்ராதோ கடித்துப் பார்த்தான். "அடேயப்பா! இன்னிக்குத்தான் சமையக்காரி முழிச்சிருக்கா!"

"வாயை மூடிட்டுத் தின்னுடா" என்றாள் கசில்டா.

அன்றைக்கே ப்ருடென்சியா பத்திரத்தோடு வந்தாள். மூன்று டாக்கோ தின்றாள். கையெழுத்துக் கேட்காமலே பத்திரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கசில்டாவின் முகம் வெளுத்தது.

கிளம்புகிறவர் சாப்பிடுகிறவரைப் பார்த்து, "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லாமல் அந்த ஊரில் யாரும் வாசல் தாண்டமாட்டார்கள். ப்ருடென்சியாவும் கோன்ராதோவுக்குச் சொன்னாள். மூலையில் தட்டைக் கண்டதும் நின்றாள். பழக்க தோஷத்தில் அங்கும் சொன்னாள்:

"நல்லா சாப்பிடு, ஹசிந்தோ."

"நன்றி."

மூலை மேசையிலிருந்து வந்த கரகரத்த ஆண்குரல், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு சொன்னதுபோல இருந்தது. கோன்ராதோவின் கையிலிருந்து டாக்கோ விழுந்தது. கிளி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ப்ருடென்சியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாப்பது வருஷம் சமைச்சுப் போட்டேன். ஒரு தடவை சொன்னதில்ல இந்த மனுஷன்." பிறகு பத்திரத்தை எடுத்து நீட்டினாள். "கையெழுத்தைப் போடு. ஆனா ஒண்ணு, ஒருநாளும் கடையை மூடிராத. அவருக்குப் போக்கிடம் இல்ல."

எலாதியோ வழக்கம்போல அவள் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்தார். கசில்டா அதை ஒதுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, விலைப்பலகையில் வரைவதுபோல, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

கீழே தேதியும் போட்டாள்: 1988 ஜூன் 21.