எட்டாம் நம்பர் ஷூ

எங்கள் வழக்கத்தில் ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை போடும் கோட்டும் ஷூவும் பெண்வீட்டார் பொறுப்பு. அப்பா இல்லாத வீட்டில் அது என் தலையில் வந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் கொத்தமல்லி மூட்டைகளுக்கு நடுவே ரப்பர் செருப்போடு காலம் தள்ளுகிறவன் நான். ஷூவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒரே தங்கை. பழவங்காடி நடைபாதைக் கடைகளில் தொங்குகிற ஷூக்களில் ஒன்றை வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை. நல்ல தோலில், கையால் தைக்கிற ஒரு கம்பெனியை ஆன்லைனில் தேடிப் பிடித்தேன்.

அவர்கள் அளவு கேட்ட விதம்தான் வம்பாகப் போயிற்று. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைய வேண்டுமாம். நீளம் மட்டும் போதாது, அகலமும் வேண்டுமாம். வரப்போகும் மாப்பிள்ளையிடம் போய், காலைக் கொஞ்சம் இந்தத் தாளில் வையுங்கள் என்று எந்த மச்சான் கேட்பான்? நிச்சயத்துக்கு அவர்கள் வந்தபோது, உள்ளே பாயசம் பரிமாறிக்கொண்டிருக்க, நான் வாசலில் குந்தி, அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பை டேப் வைத்து அளந்தேன். கம்பெனிக் கணக்குக்கு எட்டு வந்தது. செருப்பில் குதிகாலும் சுண்டுவிரலும் தாராளமாக வெளியே நிற்கும், ஷூவில் அதற்கு இடமில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஆனால் நான் அவ்வளவு அசடும் இல்லை. ஷூ வந்ததும் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் சொன்னேன்: "வீட்டுக்குள்ளயே போட்டுப் பாக்கச் சொல்லு. தெருவில இறங்காம இருந்தா மாத்தித் தருவான். இன்னும் நாள் கிடக்கு."

அவள் ஃபோனில் அவரிடம் பேசிவிட்டு வந்து, "கரெக்டாட்டு இருக்காம்ண்ணே" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலையில் தாலிகட்டு முடிந்து, சாயங்காலம் தம்பானூர் மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை மேடையில் கால் மாற்றி மாற்றி நின்றார். கூச்சம் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்ததும், மாடியில் அவர்களுக்கு ஒதுக்கிய அறைக்குப் பால் எடுத்துக்கொண்டு போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாக்ஸின் குதிகாலில் ரத்தம்.

"ஒன்பது வேணும்னு அன்னைக்கே சொன்னேம்லா," என்றார்.

"சாரமில்ல, போட்டும், ஒரு நேரத்துக்குதானே," என்று என் தங்கை சிரித்தாள். "அண்ணன் ஆசையா வாங்கினது. சொன்னா முகம் வாடிரும். நாளைக்கு எங்கயாவது மூலையில போட்ருங்க. அண்ணன் வந்து பாக்கவா போகுது?"

பாலோடு திரும்பி இறங்கிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். ஷூ போனால் போகட்டும். சின்ன வயதில் பாத்திரம் எதையாவது உடைத்தாலும் முதலில் என்னிடம்தான் ஓடிவந்து சொல்வாள். இன்றைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, சமாளித்து அனுப்ப வேண்டிய ஆளாக என்னை ஆக்கிவிட்டாள். தாங்கவே முடியவில்லை.

மறுநாள் அவர்கள் காரில் ஏறும் முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்ப்போம் என்று, "ஷூ அவருக்குக் கடிக்கலையே?" என்று கேட்டேன்.

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்: "இல்லண்ணே. அளவெடுத்துத் தச்சமாதிரி இருக்குன்னாரு."