அண்ணை பீவர் பிடித்த வாரம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். அப்படிப்பட்டவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் அண்ணையின் செத்தவீட்டில் அவருடைய இளைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அப்பா வந்த புதுசில பீவர் பிடிச்சவராமே? அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. உண்மையே?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கையின் சூடு என் கையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. எண்பத்தாறாம் ஆண்டு, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ரெக்ஸ்டேல் என்ற ஊரில் ஓர் அன்ரியின் வீட்டு பேஸ்மென்றில், அந்த நிலவறையில், என்னோடு இருந்தவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கிளம்பும்போது சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாளாம். நாங்கள் இருவரும் பிறம்ரன் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினோம். அந்த இலையுதிர்காலத்தில் மைதானத்தின் நடுவே ஓடுகிற ஓடையைப் பீவர்கள், பெருத்த எலி போன்ற அந்த நீர்ப்பிராணிகள், மறித்து அணை கட்டிவிட்டன. தாழ்ந்த பக்கத்துப் புல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. பொறி வைக்கிற லைசென்ஸ் எங்கள் முதலாளியிடம் இருந்தது. அவர் இத்தாலிக்காரக் கிழவர். முழங்கால் வருத்தத்தோடு தண்ணீரில் இறங்க அவரால் முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றாவது பிடித்துக் காட்டினால் பனிக்காலம் முழுவதும் வேலை தருவதாகவும், இல்லாவிட்டால் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவனைக் கூப்பிட்டுவிட்டு எங்களை வசந்தத்தில் பார்ப்பதாகவும் அண்ணையிடம் சொன்னார்.

"வேலை போனா அவையளைக் கூப்பிடுற ஸ்பொன்சரும் போச்சு. இன்னும் ஒரு வருசம் இழுபட்டால் சின்னவள் என்னை ஆரெண்டு கேப்பாளடா" என்றார் அண்ணை.

முறை சுலபமானது என்று முதலாளி சொல்லித் தந்தார். அலவாங்கால், அதுதான் கடப்பாரையால், அணையில் ஓர் உடைப்பு வெட்ட வேண்டும். தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும். அந்த இரைச்சல் பீவருக்குப் பொறுக்காது. பொழுதுபட்டதும் அடைக்க வரும். வருகிற வழியில், தண்ணீருக்குள், சதுரமான இரும்புப் பொறியை விரித்து வைத்துவிட வேண்டியதுதான்.

அப்படியே வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் காரை விட்டு இறங்கியதும் இருவரும் ஒன்றாக நின்றுவிட்டோம். தண்ணீர் இரையவில்லை. யாரோ உள்ளே வந்து குழாயைப் பூட்டிவிட்டுப் போனது போன்ற அமைதி. போய்ப் பார்த்தால் உடைப்பு இருந்த இடமே தெரியவில்லை. பொறியின் வாயில் பீவர் ஒரு தடித்த கொப்பைக் கொடுத்து, பொறி மூடிக்கொண்டதும் அதையே அணைக்குள் வைத்துச் சேற்றால் மெழுகியிருந்தது. மெழுகிய சேற்றில் கைகள் பதிந்திருந்தன. ஐந்து விரலும் தெளிவாக, குழந்தை ஒன்று ஈரச் சுவரில் கை வைத்துப் பார்த்தது போல. அண்ணை குனிந்து தன் உள்ளங்கையை அதன் மேலே, தொடாமல், பிடித்துப் பார்த்தார்.

"உது மிருகத்தின்ர கையே?"

"பீவர்தான் அண்ணை. அஞ்சு சதக் காசுக் குத்தியில படமாக் கிடக்கே, அது."

"குத்தியில கை தெரியாது" என்றார்.

அடுத்த நாளும் அதே அமைதி. முதல் நாள் அவர் கரையில் மறந்துவிட்டு வந்த கையுறை, கொப்புகளுக்கு நடுவே ஒரு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அணையோடு கட்டப்பட்டிருந்தது. அன்று பின்னேரம் மறுபடி உடைத்துக்கொண்டிருந்தபோது குளத்தின் நடுவில் ஒரு தலை நின்றது. சுற்றிலும் சிற்றலைகூட இல்லை. நான் இடமும் வலமும் நடந்து பார்த்தேன். அது என் பக்கம் திரும்பவில்லை, அண்ணையையே பார்த்தது. பிறகு வாலால் தண்ணீரில் ஓர் அறை. துவக்கு வெடித்த சத்தம் போல இருந்தது. அண்ணை சேற்றில் குப்புற விழுந்து கிடந்தார். எழும்பும்போது நானும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

அன்ரியிடம் சொன்னோம். "வெளிநாடெண்டா கெட்டது ஒண்டும் அண்டாதெண்டு ஆர் சொன்னது? குடுங்கோ தம்பி உங்கட ஜக்கெற்றை" என்று வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் பிடிக்கிற சாம்பிராணியை அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அண்ணையின் ஜக்கெற்றுக்கும் சப்பாத்துக்கும் கையுறைக்கும் பிடித்தார். புகை பிடிக்கப் பிடிக்க நிலைமை மோசமானது. இப்போது அவை உடைப்பின் பக்கமே வரவில்லை. பொறியை விரித்தது விரித்தபடி விட்டுவிட்டுச் சற்று மேலே புதிதாக ஓர் அணை எழும்பியது. "என்னை ஒதுக்கி வைச்சிட்டுதடா" என்றார் அண்ணை. அன்ரி இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போட்டார்.

வியாழக்கிழமை கிட்ட வந்த முதலாளி மூக்கைச் சுருக்கி அண்ணையின் தோளை முகர்ந்தார். "யார் செத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய கோயிலில் சவப்பெட்டியைச் சுற்றி இந்தப் புகைதான் காட்டுவார்களாம். அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. அவருக்குக் கொழும்பில் இருந்த மனைவியும் பிள்ளைகளும்தான் நினைவில் வந்திருப்பார்கள். கிழவருக்கு அது தெரியாது. "மனிதனுக்கே இவ்வளவு மணக்கிறது, பீவர் கிட்ட வருமா?" என்று சிரித்துவிட்டு, சேற்றைப் பூசிக்கொண்டு வேலை செய்யச் சொன்னார்.

அந்தக் குளிரில் அண்ணை ஜக்கெற்றைக் கழற்றினார். முழங்கை வரை சேற்றைத் தேய்த்துக்கொண்டு புதிய அணையை உடைத்துப் பொறியை வைத்தார். வீட்டில் அன்ரி தணலோடு படியிறங்கி வந்தார்.

"வேண்டாம் அன்ரி."

"காவல் இல்லாமலோ போகப்போறீர்?"

"காவல் வேண்டாம் அன்ரி. வேலை வேணும்."

வெள்ளிக்கிழமை காலை காரின் கதவைத் திறந்ததுமே கேட்டது. தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய சத்தம் அது. அண்ணை காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ போய்ப் பார்" என்றார். போனேன். பொறிக்குள் கிடந்தது. முன்கை ஒன்று சட்டத்துக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே நின்றது. விரல்கள் ஒரு பிடி சேற்றை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பெரிசோ, சின்னனோ?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"சின்னன், அண்ணை."

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். பொறியை நெம்பித் திறந்து அதைக் கரையில் கிடத்தினார். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, சேற்றை ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டார். முதலாளி வந்து அவருடைய முதுகில் தட்டினார். பனி உருகும் வரை வேலை நிச்சயம் என்றார். ஒன்று விழுந்தால் மற்றவையும் விழும் என்றார். அண்ணை தலையாட்டினார். குளத்தில் அந்தப் பெரிய தலை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை அது வாலால் அடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. உடைப்பு அடைக்கப்பட்டிருந்தது. அண்ணை ஜக்கெற்றைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அலவாங்கையும் பொறியையும் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.